பெயர் வரும்வரை பார்த்த படம்

கனடாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், மிசிசாகாவில், வாடகைக் கார்கள் திரும்பி வந்து சேருகிற இடத்தில் எனக்கு அப்போது வேலை. வருகிற காரை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கே கீறல், எங்கே நசிவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கொண்டுவந்து விடுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பொய்தான். "அது நான் எடுக்கேக்கையே இருந்தது" என்பார்கள், அவரவர் மொழியில். கோட்டுப் போட்டவர் சொல்லுவார், கைக்குழந்தையோடு நிற்கிற தாய் சொல்லுவாள், ஒருமுறை ஒரு பாதிரியாரும் சொன்னார். இப்படியே பார்த்துப் பார்த்து என் பார்வையே அப்படியாகிவிட்டது. மனிதரைக் கண்டாலும் முதலில் பம்பரைத்தான் பார்ப்பேன். "உங்களுக்கு இந்த வேலையைக் குடுத்தவன் ஆளறிஞ்சுதான் குடுத்திருக்கிறான்" என்று என் மனைவி பகிடி பண்ணுவாள்.

அப்படிப்பட்ட என் தலையில்தான், என் தங்கச்சிக்கு ஜேர்மனியில் இருந்து வந்த சம்மந்தத்தை விசாரிக்கிற பொறுப்பு விழுந்தது. அப்பா அம்மா இல்லை. நான்தான் எல்லாம்.

வந்த நேரமும் நல்ல நேரம் இல்லை. போரின் கடைசி மாதங்கள். வன்னியில் சனம் ஒரு கடற்கரைத் துண்டுக்குள் நெருக்குப்பட்டுக் கிடந்தது. இங்கே டவுன்ரவுனில் நம் ஆட்கள் வீதியோரம் கைகோத்து நின்றார்கள். எங்கள் தெருவில் பாதிப்பேர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கே போய் நின்றார்கள். சம்மந்தத்தைக் கொண்டுவந்த அன்ரிக்கே கூச்சமாக இருந்தது. இந்த அன்ரி ஸ்காபரோவில் எத்தனையோ பேரை மணவறையில் இருத்தியவர். "இந்த நேரத்திலை கலியாணக் கதை கதைக்கிறா எண்டு நினைக்காதை தம்பி. பிள்ளைக்கும் வயது போகுது. எங்கடை சாவுக்கும் கலியாணத்துக்கும் நல்ல நேரம் பாத்தா ஒண்டும் நடக்காது" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் சந்தேகமெல்லாம் வெறும் குணக்கேடு மாதிரித் தெரியும்.

என் தங்கச்சி பதினாறு வயதில் இயக்கத்துக்குப் போனவள். போனாளா, கொண்டுபோனார்களா என்று நான் கேட்டதில்லை. நாலு வருடம் அங்கே இருந்தாள். பிறகு வெளியே வந்து, சமாதான காலத்தில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இங்கே வந்தாள். அவளுடைய இமிகிரேஷன் கதையில் அந்த நாலு வருடமும் சித்தி வீட்டில் இருந்து படித்த வருடங்கள். கனடாவில் உண்மை தெரிந்தவர்கள் நானும் என் மனைவியும் மட்டும். இயக்கம் இங்கே தடைசெய்யப்பட்டது. வேறு யாராவது இமிகிரேஷனுக்கு ஒரு போன் எடுத்துச் சொன்னால் போதும், அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வருடத்தில் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நம் ஆட்களோ, கார் நிற்பாட்டுகிற இடத்துக்குச் சண்டை வந்தாலும் போனைத் தூக்குகிறவர்கள்.

அதனால் அவள் ஊர்வலங்களுக்குப் போகவில்லை. அங்கே ஆளுக்கொரு கமரா. எந்தப் படம் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. டேக்அவுட் கடை ஒன்றின் குசினியில் ரோல்ஸ் சுற்றுகிற வேலைக்குப் போவாள், வீட்டுக்கு வருவாள், கீழே பேஸ்மன்றில் இருக்கிற தன் அறைக்குள் போய்விடுவாள். தெருவில் சிலர், "உங்கடை தங்கச்சிக்கு நாட்டுப்பற்றே இல்லைப் போலை" என்று என்னிடமே சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் "அவளுக்குக் குளிர் ஒத்துவராது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது.

சரி, விசாரிப்புக்கு வருகிறேன். நம் ஆட்களின் விசாரிப்பு எப்படி நடக்கும் என்று தெரியும்தானே. ஒரு போன் கார்ட்டை வாங்கிக்கொண்டு உலகத்தைச் சுற்றி வருவது. முதலில் ஜேர்மனியில் இருந்த என் பழைய வகுப்புத் தோழனை எடுத்தேன். "ஆள் பிழையில்லை. குடி, சிகரெட் இல்லை. ஆனா படத்திலை வேலை செய்யிறான்" என்றான்.

"என்ன படம்?"

"எங்கடை படம் இல்லையடாப்பா, டொச்சுப் படம். அங்கை உண்மையா நடந்த கதை. ஒரு சின்னப் பெடியன் ரெண்டு பேரைக் கொலை செய்துபோட்டான். அவனைப் பாவம் எண்டு காட்டுற படமாம்."

அடுத்ததாக பாரிஸில் இருக்கும் மச்சாள் முறையான ஒருவர் சொன்னார்: "அவர் ஏதோ கொலைக் கேசிலை சம்மந்தப்பட்டவர் எண்டு கதை." லண்டனில் இருந்து வந்த பதில்: "ஜெயிலுக்குப் போய்வந்த ஆளாம்." இன்னும் ஒரு நாட்டுக்குப் போன் எடுத்திருந்தால் மாப்பிள்ளைக்குத் தூக்கே கிடைத்திருக்கும். கதை போகப்போக ஊதும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் முதல் ஆள் சொன்னதே என்னைக் குத்தியது. கொலைகாரனைப் பாவம் என்று காட்டுகிறவனுக்குள் என்ன இருக்கும்? இதையும், ஆள் சொல்கிற வேலைதான் செய்கிறாரா என்பதையும் நான் அன்ரியிடம் கேட்க, அவர் அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஒரு டிவிடியோடு வந்து நின்றார். யாரோ ஜேர்மனியில் இருந்து வந்தவரிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

"அவர் உண்மையா அங்கை வேலை செய்யிறாரோ இல்லையோ எண்டுதானே பிரச்சினை. கடைசியிலை எழுத்து ஓடேக்கை அவரின்ரை பேர் வரும். பாத்துப்போட்டு விடுவம்" என்றார் அன்ரி.

இப்படித்தான் நாங்கள் நாலு பேரும் அந்தப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தோம். படத்துக்காக அல்ல, கடைசியில் ஓடப்போகிற ஒரு பெயருக்காக. எங்கள் டிவிடி பிளேயர் ஐரோப்பிய டிவிடியை ஏற்கமாட்டேன் என்று துப்பிவிட்டது. மனைவியின் லப்டொப்பில்தான் போட்டோம். சின்னத் திரை. அதற்கு முன்னால் ஒரு தட்டு ரோல்ஸ், பிளேன்ரீ. நேராகக் கடைசிக்கு ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். "பெண் பாக்கிற மாதிரித்தான் இதுவும், முழுசாப் பாக்கோணும்" என்று அன்ரி விடவில்லை.

ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன். பூங்கன்றுகள் வளர்க்கிற கண்ணாடிக் கொட்டகை ஒன்றில் வேலை. ஒரு குளிர்காலத்தில் இரண்டு மனிதரைக் கொன்றுவிடுகிறான். கொலையை ஒருமுறைகூடக் காட்டவில்லை. அவன் தாயோடு இருந்து உருளைக்கிழங்கு தோல் சீவுவதைக் காட்டினார்கள். கழன்ற சைக்கிள் செயினை மாட்டுவதைக் காட்டினார்கள். பொலிஸ்காரர் ஏன் செய்தாய், ஏன் செய்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவன் கொட்டகைக் கன்றுகளுக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று கேட்கிறான்.

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்ரி, "பாவம், வடிவான பெடியன்" என்றார். எனக்கு ஆத்திரமாக இருந்தது. செத்த இரண்டு பேருக்கும் படத்தில் முகமே இல்லை. அவர்களுக்கும் பெண்சாதி பிள்ளைகள் இருந்திருக்கும்தானே. அவர்கள் கிழங்கு தோல் சீவவில்லையா? உள்ளே வேறு தொலைக்காட்சியில் சத்தத்தைக் குறைத்துவிட்டு வன்னிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே செத்துக்கொண்டிருப்பவர்களைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை, இங்கே ஒரு கொலைகாரனுக்கு இரண்டு மணித்தியாலப் பரிவு. இதை வாய்விட்டே சொன்னேன். 

நானும் மனைவியும் கீழே ஓடிய ஆங்கில எழுத்தை வாசித்துக்கொண்டு பார்த்தோம். தங்கச்சிக்கு அவ்வளவு வேகமாக ஆங்கிலம் வாசிக்க வராது. அவள் எழுத்தைப் பார்க்கவே இல்லை. சுவரோடு சாய்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

படத்தில் ஓர் இடம். இரண்டாவது கொலைக்குப் பிறகு என்று நாமே விளங்கிக்கொள்ள வேண்டும். பனி மூடிய கொட்டகை மட்டும்தான் திரையில். ஆளைக் காணவில்லை. காற்று, தூரத்து ரயில், நாய், எல்லாச் சத்தமும் ஒவ்வொன்றாக நின்றுபோய், ஒரு மூச்சு மட்டும் கேட்டது. ஓடிவந்தவனின் மூச்சு அல்ல. மெதுவான, எண்ணி எண்ணி விடுகிற மாதிரியான மூச்சு. நான் ஏதோ காரணத்தால் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். கையில் பாதி கடித்த ரோல்ஸ் அப்படியே இருந்தது. பிறகு எழுந்து குசினிக்குள் போனாள். தண்ணீர்ப் பைப் திறக்கிற சத்தம் கேட்டது, வெகுநேரம் மூடவில்லை.

கடைசியில் எழுத்து ஓடியது. சின்னச் சின்ன எழுத்து. அன்ரி மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு திரையோடு ஒட்டிக்கொண்டார். மாப்பிள்ளையின் பெயர் வரவில்லை. பின்னால் ஓட்டிப் போட்டோம். வரவில்லை. நிறுத்தி நிறுத்தி வரிவரியாகப் பார்த்தோம். அவர் வேலை செய்ததாகச் சொல்லியிருந்த சத்தப்பகுதியில் ஐந்தாறு பெயர். ஒன்றும் அவருடையது இல்லை.

"எழுதாம விட்டிருப்பினம்" என்றார் அன்ரி, முகம் செத்துப்போய்.

"தண்ணி வாத்துக் குடுத்தவனுக்கும் பேர் போட்டிருக்கு அன்ரி" என்றேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். பூச்சுக்குக் கீழே இருந்த நசிவைக் கண்டுபிடித்துவிட்டேன். அன்ரி டிவிடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரோல்ஸைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

தங்கச்சி குசினியால் வந்தாள். "அண்ணா, இந்தப் படத்திலை அவருக்கு என்ன வேலை?"

"சத்தம் பதியிற வேலை எண்டு சொல்லியிருக்கிறார். ஆள் சுத்தப் பொய். பேரே இல்லை."

"அவர் பொய் சொல்லேல்லை" என்றாள். "அந்தச் சத்தம் சரியான சத்தம்."

எது சரி, உனக்கெப்படித் தெரியும் என்று நான் மேற்கொண்டு போகவில்லை. எங்கள் வீட்டில் சில கேள்விகள் அந்த மாதிரித்தான், வாசல் வரைக்கும் வந்து திரும்பிவிடும்.

அடுத்த நாள் நானே ஜேர்மனிக்கு எடுத்தேன். மாப்பிள்ளையோடு முதல் முதல் கதைக்கிறேன், குசலம்கூட விசாரிக்கவில்லை. "தம்பி, படம் பாத்தம். உம்மடை பேர் இல்லையே" என்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், மனைவியும் தங்கச்சியும் கேட்கட்டும் என்று.

அந்தப் பக்கம் ஆள் சிரித்தார். "அதிலை இருக்கிறது அப்பாவின்ரை பேர் அண்ணை. இஞ்சை வந்த புதுசிலை அகதிக் கேஸ் குடுக்கேக்கை பேரை மாத்தி எழுதிப்போட்டாங்கள். அண்டையில இருந்து எல்லா இடத்திலையும் நான் அப்பாதான்." பிறகு தகப்பனின் பெயரைச் சொன்னார். அது அந்த வரிசையில் இரண்டாவதாக இருந்தது. நான் நிறுத்தி நிறுத்தி வாசித்த பெயர்தான்.

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். காரணம், வேலைக்குப் போகும்போது என் நெஞ்சில் குத்தியிருக்கிற அட்டையிலும் என் அப்பாவின் பெயர்தான். என் சுப்பவைசர் பகல் முழுக்க என் அப்பாவைக் கூப்பிட்டுத்தான் என்னிடம் வேலை வாங்குகிறார். செத்துப்போன மனிதரை ஒவ்வொரு நாளும் நெஞ்சில் குத்திக்கொண்டு போகிற எனக்கு, இன்னொருத்தனுக்கும் அப்படி இருக்கும் என்று மண்டையில் ஏறவில்லை.

நான் சமாளிப்பதற்குள் தங்கச்சி குனிந்து போனுக்குக் கிட்டப் போனாள். "நான் தங்கச்சி கதைக்கிறன்" என்றாள். "அந்தப் பனிக்குள்ளை கேக்கிற மூச்சு, அது ஆரின்ரை?"

 கார்ட் முடிந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"இதை ஒருத்தரும் என்னட்டைக் கேட்டதில்லை" என்றார். "நடிச்ச பெடியன் எத்தினையோ தரம் விட்டுப் பாத்தவன், சரிவரேல்லை. அது அந்த ஆளின்ரை மூச்சுத்தான். உண்மையாச் செய்தவர். இப்ப வெளியிலை இருக்கிறார், வயது போயிட்டுது. நான் போய்க் கண்டனான்."

"என்னெண்டு கேட்டனீங்கள்?"

"ஏன் செய்தனீர் எண்டு எல்லாரும் அவரிட்டைக் கேட்டு முடிஞ்சுது. நான் கேட்டது, அந்த நேரம் உமக்கு என்ன கேட்டது எண்டு. தன்ரை மூச்சு மட்டும் கேட்டது எண்டார். விட்டுக் காட்டுவீரோ எண்டன். விட்டுக் காட்டினார். பிறகு அழத் தொடங்கிட்டார். நான் மெசினை நிப்பாட்டிப்போட்டு இருந்தனான். அழுததைப் பதியேல்லை."

தங்கச்சி "ம்" என்றாள். அவ்வளவுதான். கீழே போய்விட்டாள். ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போன் எடுக்கத் தொடங்கினார், அவளும் கதைக்கத் தொடங்கினாள். கடையில் நடந்தது, அங்கத்தைய மழை, என்ன சமையல் என்று சாதாரணக் கதைகள். வாய் திறக்காதவள் கதைக்கிறாளே என்று என் மனைவிக்குப் பெரிய புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பெயர் பிரச்சினை தீர்ந்தது உண்மைதான். ஆனால் இந்த மனிதனின் தொழில் என்ன? ஆட்களுக்கு முன்னால் மெசினை வைத்து, யாருக்கும் சொல்லாததைச் சொல்லவைப்பது. கொலை செய்தவனே இவனுக்கு முன்னால் மூச்சுவிட்டுக் காட்டியிருக்கிறான். அந்த நாட்களில் யார் யாருடைய ஆள் என்று ஒருவருக்கும் தெரியாது. புதிதாகச் சிரிக்கிற எவனையும் நான் நம்பவில்லை. "மெசினை நிப்பாட்டினனான்" என்று சொல்வது லேசு. போனில் எந்தப் பொத்தான் அமத்தியிருக்கிறது என்று யார் கண்டது?

மே மாதம் வந்தது. இங்கே ஊர்வலம் போன நம் சனம் ஹைவேயில் ஏறி மறித்து நின்றது. அதற்குப் பிறகு ஒரு வாரமோ என்னவோ, நீண்ட வார இறுதியின் திங்கட்கிழமை, எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. இந்த நாட்டுக்கு அது ஒரு பழைய ராணியின் பிறந்தநாள் விடுமுறை. பொழுதுபட்டதும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பார்க்கில் பிள்ளைகள் வாணம் விட்டார்கள். வருடா வருடம் விடுகிறதுதான், அவர்களில் பிழையில்லை. தங்கச்சி குசினியில் மா குழைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் அவள் கை நின்றது, பிறகு குழைத்தது. யன்னலைச் சாத்தப் போனேன். "விடுங்கோ அண்ணா, சாத்தினாலும் கேக்கும்தானே" என்றாள். நான் அந்த இடத்திலேயே அழுதேன். அவள் அழவில்லை.

அந்தக் கிழமை முழுக்க அவள் லப்டொப்பில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரணடைந்து நிற்கிறவர்கள், முள்ளுக்கம்பிக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள். ஒரு படத்தில் நிறுத்தி, ஒரு பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். யார் என்று சொல்லவில்லை. அன்றைக்குப் பின்னேரம் மேலே வந்து, "அண்ணா, நான் அவருக்குச் சொல்லப்போறன்" என்றாள்.

"என்னத்தை?"

"சித்தி வீட்டிலை படிக்கேல்லை எண்டு."

யன்னலை இழுத்துச் சாத்தினேன். "உனக்கு விசரே? எல்லாம் முடிஞ்சுது. முடிஞ்சதுக்குப் பிறகுதான் கணக்கெடுப்பாங்கள். இனித்தான் கூட ஒளிக்கோணும்."

"முடிஞ்சுதெண்டபடியாத்தான் சொல்லப்போறன். இனி அதைப் பற்றிக் கதைக்க அங்கை ஒருத்தரும் இல்லை."

"அந்தாள் பதிஞ்சு வைச்சுக்கொண்டு நாளைக்கு..."

"அழுததை அவர் பதியேல்லை."

"எண்டு அவர் சொல்லுறார்!" கத்தியே விட்டேன். மனைவி ஓடிவந்தாள். "ஒரு போன் போதும் பிள்ளை, நீ பிளேனிலை. பிறகு நானும் இல்லை, அந்த மாப்பிள்ளையும் இல்லை. கலியாணம் முடியட்டும். ரெண்டு பிள்ளை பிறக்கட்டும். அதுக்குப் பிறகு சொல்லு."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். இந்த இடத்தில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு ஒரு சொல் மறக்கவில்லை. "ரெண்டு பிள்ளையைப் பெத்துப்போட்டு, நித்திரையிலை கத்தி எழும்பேக்கை நான் அந்த மனிசனுக்கு என்ன சொல்லுறது? சித்தி வீட்டுக் கனவு எண்டோ?"

என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். சும்மா இரு என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. தங்கச்சி போனை எடுத்துக்கொண்டு கீழே போனாள். நான் பின்னாலேயே இறங்கினேன். உடுப்புத் தோய்க்கிற மெசின் அங்கேதான் இருக்கிறது, எனக்கும் அந்த நேரம் பார்த்துத் தோய்க்க உடுப்பு இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. அவள் கட்டிலில் இருந்தாள். வழமையான கதை ஒன்றும் கதைக்கவில்லை. "உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். கேட்டுப்போட்டு வேண்டாம் எண்டாலும் பரவாயில்லை" என்றாள். பிறகு சொன்னாள். இயக்கத்தில் இருந்தனான் என்றாள். எத்தனை வருடம் என்றாள். "அதிலை ஒரு நாள், கிட்டத்திலை, முகத்தைப் பாத்துக்கொண்டு ஒரு பெடியனை..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

நான் உடுப்புக் கூடையைப் பிடித்தபடி நின்றேன். அந்தப் பெடியனைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் முதல் கேள்விப்படுகிறேன். மாப்பிள்ளை போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைத்துவிட்டு எந்த நம்பரை அடிப்பான் என்றும் நினைத்தேன்.

போனில் அவர் ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் என்ன கேட்டிருப்பார் என்று விளங்கியது, படத்து ஆளிடம் கேட்ட அதே கேள்விதான். அவள் மெல்லத் தலையைத் திருப்பி என்னைக் கண்டாள்.

"அண்ணா, கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ" என்றாள்.

சாத்தினேன். வெளியே நின்றேன். உள்ளே அவள் குரல் தொடங்கியது. நிற்கவே இல்லை. வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அவள் இவ்வளவு நேரம் ஒருவரோடும் கதைத்ததில்லை. தோய்க்காத உடுப்போடு மேலே ஏறி வந்தேன்.

அந்தக் கோடை முழுக்க எனக்கு நித்திரை இல்லை. வீட்டுக்கு முன்னால் தெரியாத கார் ஒன்று நின்றால் திரைச்சீலையை விலக்கி நம்பரைப் பார்ப்பேன். கதவைத் தட்டினது விளம்பரம் போடுகிறவன் என்றாலும் மனைவியைத்தான் திறக்கவிடுவேன். ஒன்றும் நடக்கவில்லை. இலை பழுக்கத் தொடங்கிய நேரம் மாப்பிள்ளை கனடா வந்தார். கலியாணப் பதிவு எழுத்தை முடித்து, பிறகு தாலி கட்டுகிறது என்று ஏற்பாடு. நான் வேலை முடிய அப்படியே விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்தேன். கறுத்த, மெல்லிய ஆள். தலையில் நரை தொடங்கியிருந்தது. அடி முதல் முடி வரைக்கும் ஒரு சுற்றுப் பார்த்தேன். தோளில் ஒரு பெட்டி, அதைக் கீழே வைக்கவே இல்லை.

"அது என்ன?" என்றேன்.

"மைக் அண்ணை. விட்டுட்டு வர மனம் இல்லை."

401 ஹைவேயில் கார்கள் நத்தை மாதிரி ஊர்ந்தன. இனிக் கேட்காவிட்டால் என்றைக்கும் கேட்கமாட்டேன் என்று தோன்றியது. "தம்பி, மறைக்கேல்லை, எனக்கு உம்மிலை இன்னும் சந்தேகம் இருக்கு. அண்டைக்கு அவ சொன்னதைப் பதிஞ்சனீரோ?"

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. "இல்லை அண்ணை" என்றார். பிறகு கொஞ்சத் தூரம் போனபின், "எனக்கு எத்தினை இடத்திலை சம்மந்தம் பேசினவை தெரியுமோ? எல்லாரும் அந்தப் படத்தைப் பாத்தவை. பேர் வருதோ எண்டு பாத்தவை. அவ ஒராள்தான் படத்தைக் கேட்டவ" என்றார்.

 முன்னால் போன லொறியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ உங்களுக்கு இன்னும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

வீட்டுக்கு முன்னால் காரை நிற்பாட்டினேன். என் மனைவி வாசலுக்கு வந்து அவரை உள்ளே கூட்டிப்போனாள். தங்கச்சி மா ஒட்டின கையோடு வெளியே வந்து அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சூட்கேஸ் தூக்க எனக்கு உதவிக்கு வந்தாள். சூட்கேஸின் ஒரு பக்கம் அவள் கை, மறுபக்கம் என் கை.  கேட்டேன்.

"பிள்ளை, அந்தப் பெடியன்... அண்டைக்கு உனக்கு என்ன கேட்டது?"

அவள் கையை எடுத்தாள். என் காலில் இருந்து முகம் வரைக்கும் ஒரு சுற்று நிதானமாகப் பார்த்தாள், திரும்பி வந்த காரை நான் பார்க்கிற மாதிரி.

"ஏன் அண்ணா, இப்ப கேக்கிறியள்?" என்றாள்.